பழைய வீடியோ கேமும் எல்இடி டிவியும்: எந்த வழியில் இணைப்பது?

போகிக்கு முன்பு பரணை ஒழிக்கும் வீடுகளில், பழைய பித்தளைப் பாத்திரங்களுக்கும் நைந்த பாய்களுக்கும் நடுவிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி இறங்குவது இப்போதெல்லாம் அடிக்கடி நடக்கிறது. தூசி தட்டிப் பார்த்தால் விளக்கு எரிகிறது. ஆனால் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் எல்இடி டிவியில் அதை எங்கே செருகுவதென்று தெரிவதில்லை. இந்த ஆண்டு அந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவை இரண்டு வீடுகள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நண்பரிடம், தொண்ணூறுகளில் வாங்கிய, கேசட் போட்டு ஆடும் டிவி கேம் துப்பாக்கியோடு அப்படியே இருக்கிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் சித்தி வீட்டில், பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பிய சித்தப்பா கொண்டுவந்த சேகா மெகா டிரைவும் முதல் பிளேஸ்டேஷனும் (பிஎஸ்1) இருக்கின்றன. மூன்றாவது வீடு என்னுடையது. அங்கே இருப்பது பிஎஸ்2, அதாவது இரண்டாம் பிளேஸ்டேஷன். மூன்று வீட்டுக்கும் ஒரே விடையைச் சொல்லிவிட முடியாது என்பதை, தேவையில்லாத இரண்டு பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

## எதை வைத்து அளப்பது

கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவதும் முக்கியமானதும், உங்கள் கருவியிலிருந்து வெளியே வருவது என்ன என்பது. மஞ்சள் பின் வழியாக வருவது காம்போசிட் சிக்னல். அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. கலந்ததைத் திரும்பப் பிரிப்பதில் எந்த டிவியும் முழு வெற்றி பெறாததால்தான் எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்கின்றன, சிவப்பு நிறம் கசிகிறது. எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனிக் கம்பியில் வரும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின் கொண்ட காம்போனென்ட், ஐரோப்பியக் கருவிகளின் ஸ்கார்ட் என்ற பெரிய செருகி வழியாக வரும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வருவது) ஆகிய இரண்டும் அதைவிடத் தெளிவானவை. மஞ்சள் பின்னில் தொலைந்த தெளிவை, பின்னால் எத்தனை ஆயிரம் ரூபாய்ப் பெட்டியை வைத்தாலும் மீட்க முடியாது. ஆகவே பெட்டிக்குச் செலவு செய்யும் முன், அந்தக் கருவி இதைவிட நல்ல சிக்னல் தருமா என்பதைப் பார்த்து, தருமானால் அதற்குரிய கேபிளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டாவது, வந்த சிக்னலை டிவியோ இடையில் வைக்கும் பெட்டியோ என்னவாகப் புரிந்துகொள்கிறது என்பது. படம் தெரிந்தும் ஏதோ சரியில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுவே என்பதால், இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அந்தக் காலத்து ஒளிபரப்பு ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்தும் அனுப்பியது. 1980களிலும் 1990களிலும் வந்த கேம் கருவிகளோ, இரண்டாம் முறையும் அதே வரிகளின் மேலேயே வரையும்படி சிக்னலைச் சற்றே மாற்றி, ஏறத்தாழ 240 வரிகள் கொண்ட முழுப் படத்தை நொடிக்கு 60 முறை (ஐரோப்பியக் கருவிகளில் 50 முறை) அனுப்பின. பிக்சர் டியூபுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. சொன்ன இடத்தில் வரைந்துவிட்டுப் போகும். எல்இடி டிவிகளில் பல, இதை 480 வரி ஒளிபரப்பு என்றே நினைத்து, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகக் கோக்கப் பார்க்கின்றன. ஓடுகிற பாத்திரத்தின் விளிம்பு சீப்புப் பல்லைப் போல் கிழிகிறது. அடிபட்ட பாத்திரம் ஒரு படம் விட்டு ஒரு படம் மின்ன வேண்டிய இடத்தில், ஒன்று முற்றிலும் காணாமல் போகிறது, அல்லது மின்னாமல் அப்படியே நிற்கிறது.

மூன்றாவது தாமதம். பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் குதிப்பதற்கும் நடுவே டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்குரிய நேரம் 16.7 மில்லி செகண்ட். படத்தை அழகாக்கும் வசதிகள் எல்லாம் இயங்கும் நிலையில், சில டிவிகளின் தாமதம் நூறு மில்லி செகண்டையும் தாண்டும். அதாவது ஆறு படங்கள் பின்தங்கும். சிறுவயதில் சுலபமாகத் தாண்டிய பள்ளத்தில் இன்று விழுந்துகொண்டே இருந்தால், அதை வயதின் மேல் போட்டுவிட வேண்டாம். கைப்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால், கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பிடித்து, பொத்தான் அமுங்கியதிலிருந்து திரை அசையும் வரை எத்தனை படம் என்று எண்ணினால் போதும். ஒரு படம் நான்கு மில்லி செகண்டுக்குச் சற்று அதிகம்.

நான்காவது, எல்லாம் சேர்த்து ஆகும் செலவு. பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பவர்கள், அடாப்டர், கேபிள், கூரியர், சுங்கவரி ஆகியவற்றைப் பிறகு எண்ணி வருந்துகிறார்கள்.

## டிவியிலேயே இருக்கும் ஏவி சாக்கெட்

பணம் செலவாகாத வழி என்பதால் முதலில் இதைத்தான் முயல வேண்டும். டிவியில் மஞ்சள் சாக்கெட்டே இல்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் அது வேறு உருவத்தில் இருக்கிறது. சில டிவிகளில் காம்போனென்ட்டின் பச்சை சாக்கெட்டே மஞ்சளுக்கும் உரியது. பச்சை வளையத்துக்குள் பாதி மஞ்சள் பூசியிருப்பதைப் பார்க்கலாம். வேறு சிலவற்றில் ஹெட்ஃபோன் துளையைப் போன்ற 3.5 மில்லிமீட்டர் ஏவி துளை ஒன்று இருக்கும். டிவியோடு வந்த சிறு கேபிள் அதற்குரியது. அந்தக் கேபிளைத் தொலைத்துவிட்டு, பார்வைக்கு அதேபோல் இருக்கும் இன்னொன்றைக் கடையில் வாங்கிப் போட்டால், படம் வராமல் ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்று இரைச்சல் வரும். கேபிள் பழுதில்லை; உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கிறது. கருவியின் மஞ்சள் பின்னை எடுத்து, கேபிளின் சிவப்பு முனையில் செருகிப் பாருங்கள். பல நேரம் படம் வந்துவிடும்.

படம் வந்த பிறகு ரிமோட்டில் செய்ய வேண்டியவை உண்டு. தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட வேண்டும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைக்க வேண்டும். ஷார்ப்னெஸ்ஸைக் குறைக்க வேண்டும். பட அளவை 4:3 ஆக்க வேண்டும். அகலத் திரையை நிரப்பி இழுத்துவிட்ட படத்தில் பந்து முட்டையாகத் தெரிவதைப் பழகிக்கொண்டவர்கள், 4:3-க்கு மாற்றியதும் “படம் சின்னதாப் போச்சே” என்கிறார்கள். ஆனால் அதுதான் அந்த ஆட்டத்தின் உண்மையான உருவம். என் வீட்டு டிவியில் கேம் மோடு போட்டதும், முன்சொன்ன எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. ஐந்து பைசா செலவில்லை.

இவ்வழியின் குறை, 240 வரிச் சிக்னலைத் தவறாகப் புரிந்துகொள்ளும் டிவியாக இருந்தால் அதற்கு மாற்று எதுவும் ரிமோட்டில் கிடையாது என்பதே. காம்போனென்ட் சாக்கெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: 480 வரியை ஒழுங்காகக் காட்டும் சில டிவிகள், அதே வழியில் 240 வரி வந்தால் ‘நோ சிக்னல்’ என்று சொல்லிவிடும். பிஎஸ்2-வில் காம்போனென்ட் கேபிளோடு பிஎஸ்1 டிஸ்க்கைப் போட்டதும் திரை கறுத்துப்போவது இதனால்தான்.

மாதத்துக்கு ஒருமுறை விடுமுறைநாளில் பிள்ளைகளோடு ஆடுபவர்களுக்கு, டிவியில் ஏவி சாக்கெட் இருக்கிறவரை இதைத் தாண்டி எதுவும் தேவையில்லை.

## ஐந்நூறு ரூபாய்ப் பெட்டி

மூன்று வண்ணப் பின்களை ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் எச்டிஎம்ஐ எடுக்கும் கையகலப் பெட்டி ஐந்நூறு ரூபாயை ஒட்டிய விலையில் எங்கும் கிடைக்கிறது. டிவியில் எச்டிஎம்ஐ தவிர வேறொன்றும் இல்லாதவர்களுக்கு இதுவே முதல் வாசல். வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நிதானமாகப் படியுங்கள். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும், எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றுவதும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே உருவம். அம்புக்குறி மட்டும் திரும்பியிருக்கும். நான் கேட்டதற்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது தலைகீழானது. பிரித்த பொருளை மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் இன்னொன்றுக்கும் பணம் கட்டினேன். இதை யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுத்தால்தான் இயக்க முடியும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இப்பெட்டி செய்வது என்னவென்று தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். முன்பு டிவி செய்த அதே தவறை இப்போது இது செய்கிறது: 240-ஐ 480 என்று எண்ணிக் கோத்து, அதை 720 அல்லது 1080 வரிக்கு ஊதிப் பெருக்கி அனுப்புகிறது. படம் வழவழவென்று, ஈரத்துணியால் துடைத்ததுபோல் இருக்கும். பெரும்பாலானவை படத்தை அகலத் திரைக்கு இழுத்தும் விடுகின்றன. எச்டிஎம்ஐ வழியே எச்டி படம் வரும்போது 4:3 என்ற தேர்வையே தராத டிவியாக இருந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை. பெட்டிக்குரிய தாமதம் டிவியின் தாமதத்தோடு சேரும். கருவி நொடிக்கு 50 படம் அனுப்பினாலும் பெட்டி 60 என்றே வெளியே அனுப்புவதால், பின்னணி பக்கவாட்டில் நகரும் ஆட்டங்களில் சீரான இடைவெளியில் ஒரு குலுங்கல் தெரியும்.

சதுரங்கம், புதிர், நிதானமாகக் கதை சொல்லும் ஆட்டம் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். குதித்து ஓடும் ஆட்டத்தை ஒருகாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு முடித்தவருக்கு, ஐந்து நிமிடத்தில் எரிச்சல் வரும்.

## ஒரு கருவிக்கென்றே செய்த எச்டிஎம்ஐ இணைப்பு

பிஎஸ்2, நின்டெண்டோவின் வீ ஆகிய கருவிகளுக்கென்று, பின்பக்கம் நேரடியாகச் செருகும் சிறிய எச்டிஎம்ஐ இணைப்புகள் கிடைக்கின்றன. விலை முன்சொன்ன பெட்டியை ஒட்டியதே. ஆனால் செய்யும் வேலை வேறு. இவை மஞ்சள் பின்னை நம்பாமல், கருவி தரும் காம்போனென்ட் சிக்னலை எடுத்து, அளவை மாற்றாமல் எச்டிஎம்ஐயாக்கி அனுப்புகின்றன. 2006-இல் வந்த வீயைப் பொறுத்தவரை, அமைப்பில் 480பி-யை (480 வரியும் ஒரே முறையில் வருவது) தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

பிஎஸ்2-வில் ஒரு வரிசைமுறை உண்டு. கருவியின் சிஸ்டம் அமைப்புக்குள் காம்போனென்ட் வீடியோ அவுட் என்ற இடத்தில், ஆர்ஜிபி என்றிருப்பதை ஒய் என்று தொடங்கும் மற்றதற்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் புது இணைப்பைச் செருகினால் நிறம் குழம்பிவிடும் அல்லது படமே வராது. எனவே பழைய மஞ்சள் கேபிளோடு அமைப்பை மாற்றிவிட்டு, அணைத்து, பிறகு புதியதைச் செருக வேண்டும். மஞ்சள் கேபிளைத் தூக்கி எறிந்தவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பிஎஸ்2 ஆட்டங்கள் உண்மையாகவே 480 வரி ஒளிபரப்பு முறையில் வருபவை என்பதால், டிவி அதைப் புரிந்துகொள்வதில் தவறு நேராது. சில ஆட்டங்கள், தொடங்கும்போது முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் 480பி-யிலும் ஓடும். பிஎஸ்1 டிஸ்க்குகள் மட்டும் டிவியின் தயவில் இருக்கின்றன.

## வரியைப் பெருக்கும் கருவிகள்

பழைய கேம் கருவிகளுக்கென்றே சிலர் வடிவமைத்த பெட்டிகள் இவை. 240 வரி என்றால் என்னவென்று இவற்றுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் அப்படியே இரண்டாகவோ மூன்றாகவோ ஐந்தாகவோ பெருக்கி உடனுக்குடன் வெளியே அனுப்புவதால், தாமதம் என்று சொல்ல ஏதுமில்லை. ரெட்ரோடிங்க் 2எக்ஸ் வகை, காம்போசிட், எஸ்-வீடியோ போன்றவற்றை எடுத்து 480பி-யாகத் தருகிறது. ஓஎஸ்எஸ்சி எனப்படும் திறந்த வடிவமைப்புக் கருவி ஸ்கார்ட், காம்போனென்ட், விஜிஏ ஆகியவற்றை ஏற்கும். மஞ்சள் பின்னை ஏற்காது. இதை அறியாமல் வாங்கி, பின்னால் இன்னொரு மாற்றிக்கு அலைந்தவர்கள் உண்டு. 2021-இல் வந்த ரெட்ரோடிங்க் 5எக்ஸ், பிறகு வந்த ரெட்ரோடிங்க் 4கே ஆகியவை எல்லாவற்றையும் ஏற்று, பழைய டியூபின் வரிக்கோடுகளைக்கூடப் போலச் செய்பவை. 4கே மாதிரி 750 டாலர் விலையில் வெளியானது. 240-ஐ ஒன்பதால் பெருக்கினால் 2160, அதாவது 4கே திரையின் சரியான உயரம். ஒரு புள்ளிகூடக் கோணாமல் பொருந்துகிறது என்பதைப் பார்க்கும்போது கணக்கு ஆசிரியர்கள் மகிழ்வார்கள். 1080-க்கு நாலரை மடங்கு வேண்டும். அங்கே வெட்டியோ ஒட்டியோதான் ஆக வேண்டும்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து, பட்டியல் விலையை மறக்கச் செய்துவிடும். அதன்பின் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நல்ல கேபிள் வேண்டும். ஓஎஸ்எஸ்சி, கருவி அனுப்பும் அதே வேகத்தில் படத்தை வெளியிடுவதால், சில டிவிகள் அதை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். வாங்கும் முன் உங்கள் டிவியில் சோதித்துப் பார்க்க முடியாது. பிளேஸ்டேஷன் ஆட்டங்களில் சில, பட்டியல் திரையில் 480-க்கும் ஆட்டத்தில் 240-க்கும் மாறி மாறிப் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரை சில நொடி கறுத்து மீள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சால்டரிங் தெரிந்தவர்களுக்கு, மலிவான ஜிபிஎஸ்-8200 பலகையில் ஒரு சிறிய வைஃபை சிப்பை இணைத்து, ஜிபிஎஸ்-கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றும் வழி இருக்கிறது. அது ஒரு வார இறுதியை விழுங்கும்; ஆனால் விலைக்கு மேல் வேலை செய்யும்.

இந்தச் செலவு யாருக்குத் தகும் என்பதைக் கருவிதான் சொல்ல வேண்டும். நம் ஊரில் விற்ற டிவி கேம்கள், நின்டெண்டோவின் 1983-ஆம் ஆண்டு ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அசல் ஃபேமிகாமிலேயே படத்தை உருவாக்கும் சிப் காம்போசிட்டைத்தான் நேரடியாக வெளியிடுகிறது. உள்ளே கைவைக்காமல் ஆர்ஜிபி எடுக்க இடமே இல்லை. அதற்கு ஸ்கேலர், அதாவது இப்படி வரியைப் பெருக்கும் பெட்டி வாங்குவது, கஞ்சிக்குக் குங்குமப்பூ போடுவது.

பிரான்சிலிருந்து வந்தவற்றின் கதை வேறு. அங்கே அந்நாளில் ஒளிபரப்பு செகாம் என்ற தனி வண்ண முறையில் இருந்தது. கேம் கருவிகள் செகாம் நிறத்தை உருவாக்குவதில்லை. அதனால் 21 பின் கொண்ட ஸ்கார்ட் வழியே ஆர்ஜிபி கொடுப்பது அந்நாட்டில் வழக்கமாயிற்று. அதை அங்கே பெரிடெல் என்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையும் போக்குவரத்தும் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களின் பரணில் அந்தக் கட்டைச் செருகியோடு கிடக்கும் கருவி, உண்மையில் நல்ல சிக்னல் தரும் கருவி. ஆனால் ஸ்கார்ட் செருகி இருப்பதனாலேயே உள்ளே ஆர்ஜிபி ஓடுகிறது என்று நம்பக் கூடாது. மூன்று வண்ணப் பின்களைச் செருகும் கட்டையாக இருந்தால் அதில் வருவது அதே மஞ்சள் சிக்னல்தான். மலிவான ஸ்கார்ட்-எச்டிஎம்ஐ பெட்டிகளில் பலவும் ஆர்ஜிபி பின்களைத் தொடாமல் காம்போசிட்டை மட்டுமே எடுக்கின்றன. நான் தேவையில்லாமல் வாங்கிய இரண்டாவது பெட்டி அது.

சித்தி வீட்டு மெகா டிரைவை, நண்பர் ஒருவரின் ஓஎஸ்எஸ்சியை இரவல் வாங்கி ஆர்ஜிபியில் மாட்டியபோது, நீல முள்ளம்பன்றி ஓடும் ஆட்டத்தின் அருவி, தண்ணீராகத் தெரியாமல் நெட்டுக்குத்தான கோடுகளாகத் தெரிந்தது. “முன்ன இருந்தது நல்லாருந்துச்சேடா” என்றார் சித்தப்பா. அவர் சொன்னது சரி. ஒன்றுவிட்டு ஒன்று கோடாக வரைந்துவிட்டால், காம்போசிட்டின் மங்கல் அதைக் கரைத்துக் கண்ணாடித் தண்ணீராக்கிவிடும் என்று எண்ணி வரைந்த படம் அது. தெளிவு கூடினால் எல்லாமே கூடும் என்பதில்லை.

## பிக்சர் டியூப் டிவி

எல்இடி டிவியில் இணைப்பதைப் பற்றிய கட்டுரையில் இதைச் சேர்ப்பது முறையா என்று தோன்றலாம். ஆனால் தாமதம், 240 வரி இரண்டிலும் குறையே சொல்ல முடியாத வழி இதுதான். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கோ இது ஒன்றே வழி. வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வருகிறது. துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பார்க்க வேண்டும். எல்இடி டிவி அந்தக் கட்டத்தைக் காட்டுவதற்குள் ஆட்டம் ‘தவறிவிட்டது’ என்று முடிவு செய்துவிடுகிறது. மேலும் அந்தக் கண், டியூபின் கதிர் வரைகின்ற துடிப்புக்கு ஏற்பச் செய்யப்பட்டது. எல்இடியின் சீரான வெளிச்சம் அதற்கு வெளிச்சமே இல்லை.

கடலூர்ப் பக்கம் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குல டிவிகள் இன்னும் சில வீடுகளில் மூலையில் இருக்கின்றன. இந்த வேலைக்கு அவை கச்சிதமானவை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் காயலான் கடைகளிலும் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். வாங்கும் முன் ஏவி சாக்கெட் இருக்கிறதா, பத்து நிமிடம் ஓடிய பிறகும் படம் சுருங்காமல் இருக்கிறதா, மூலைகளில் நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

செலவு வேறு வடிவில் வரும். எல்ஓடி (டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்பார்மர்) போய்விட்டால் அதே மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது; பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்துவிட்டார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும் என்பதால் பின்மூடியை நீங்களே கழற்றக் கூடாது. இடமும் எடையும் இன்னொன்று. என்னிடம் ஒரு 29 அங்குலப் பெட்டி தரையில் இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, கூடத்துக்குள் தண்ணீர் ஏறிய வேகத்தில் மற்ற எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்ற முடிந்தது. அதை இரண்டு பேர் சேர்ந்தும் நகர்த்த முடியவில்லை.

## கருவியையே விட்டுவிடுவது

ஆட்டம்தான் வேண்டும், அந்தப் பெட்டியே வேண்டும் என்பதில்லை என்றால், எச்டிஎம்ஐயோடு வரும் சிறு கருவிகள் போதும். என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) கருவியின் சிறு வடிவமான நின்டெண்டோவின் என்இஎஸ் மினி 2016-லும், மெகா டிரைவ் மினி 2019-லும் வந்தன. ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் எமுலேட்டர் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) ஏற்றுவதும், பழைய சிப்புகளின் நடத்தையை எஃப்பிஜிஏ என்ற, உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய சிப்பில் திரும்ப உருவாக்கும் மிஸ்டர் என்ற கருவியும் இதே வகை. இவற்றில் வரித் தகராறு எதுவும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் ஆட்டக் கோப்புகளில் பெரும்பாலானவை உரிமையில்லாமல் ஏற்றப்பட்டவை என்பதையும், உங்கள் கேசட்டுகள் பரணுக்கே திரும்பும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

| வழி | செலவு | தாமதம் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| டிவியின் ஏவி சாக்கெட் | ஏதுமில்லை | டிவியைப் பொறுத்தது | எப்போதாவது ஆடுபவர் |
| மலிவான ஏவி-எச்டிஎம்ஐ பெட்டி | ஐந்நூறு ரூபாய் அளவு | டிவியோடு இதுவும் சேரும் | எச்டிஎம்ஐ மட்டும் உள்ள டிவி, நிதானமான ஆட்டம் |
| கருவிக்குரிய எச்டிஎம்ஐ இணைப்பு | ஏறத்தாழ அதே | டிவியுடையது மட்டும் | பிஎஸ்2, வீ |
| ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சி | பல ஆயிரம், வரி தனி | டிவியுடையது மட்டும் | ஆர்ஜிபி தரும் கருவிகள் |
| பிக்சர் டியூப் | கிடைக்கும் விலை | இல்லை | துப்பாக்கி, டிவி கேம் |

## எந்த வழிக்கும் பொதுவான செலவுகள்

அடாப்டரில் தவறு செய்தால் மற்ற எதுவும் மிஞ்சாது. பிரான்சின் மின்சாரமும் நம்முடையதைப் போல 230 வோல்ட் என்பதால் அங்கிருந்து வந்த அடாப்டர் இங்கே ஓடும். உருண்டை முனைகள் நம் சாக்கெட்டில் சற்றுத் தளர்வாக நிற்கும், அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட்டுக்கானது. நேராகச் செருகினால் புகை வரும். முனை பொருந்துகிறதே என்று ஒன்றின் அடாப்டரை மற்றதில் போடுவதும் ஆபத்து. என்இஎஸ்ஸின் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி. ஃபேமிகாமுக்கு வேண்டியது டிசி, அதுவும் நடுமுனை நெகட்டிவ். அடிப்பக்கத்து லேபிளைப் படிக்காமல் எதையும் செருக வேண்டாம்.

அடுத்தது நம் கடற்கரைக்கே உரிய உப்புக் காற்று. பத்தாண்டு பரணில் கிடந்த கேபிளின் முனைகளில் பச்சை பூத்திருந்தால், படத்தில் ஓடும் கோடுகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். புதுப் பெட்டி வாங்கும் முன் புதுக் கேபிளைப் போட்டுப் பாருங்கள். கேசட்டின் செம்பு விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள். வாயால் ஊதிப் போடும் வழக்கம் எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்பி அரிப்பைக் கூட்டுகிறது.

## மூன்று வீடுகளில் முடிவானது

என் பிஎஸ்2-வுக்குக் கருவிக்குரிய எச்டிஎம்ஐ இணைப்பும் கேம் மோடும் போதுமானதாக இருந்தன. பிஎஸ்1 டிஸ்க்குகளை என் டிவி ஏற்கவில்லை. அவற்றுக்கு மட்டும் பழைய மஞ்சள் கேபிளை மாட்டுகிறேன். சித்தி வீட்டில் ஆர்ஜிபி கேபிள் ஏற்கெனவே இருப்பதால், அங்கே ஓஎஸ்எஸ்சி போன்ற ஒன்றுக்குச் செலவு செய்வது நியாயம் என்று நான் சொன்னேன். ஐரோப்பிய டிஸ்க்குகள் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், அதற்கேற்பத் திருத்தாத ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் நகரும். அதை எந்தப் பெட்டியும் வேகப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். சித்தப்பாவுக்கு அந்த வேகம்தான் பழக்கம் என்பதால் அவர் அதைக் குறையாக எண்ணவில்லை. அருவிக்காக மட்டும் மஞ்சள் கேபிளையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

மஞ்சக்குப்பத்து நண்பர் ஸ்கேலர் வாங்கப் பணத்தோடு தயாராக இருந்தார். வேண்டாம் என்று தடுத்து, அவருடைய மாமியார் வீட்டு 14 அங்குல டிவியைக் கேட்டு வாங்கச் சொன்னேன். ஏவி சாக்கெட்டின் துருவைச் சுரண்டி, புதுக் கேபிள் போட்டதும் படம் வந்தது. துப்பாக்கியும் வேலை செய்கிறது. எல்ஓடி போனால் இதற்கு வேறு கிடைக்காது என்று மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்றைக்கு நண்பர் ஐந்நூறு ரூபாய்ப் பெட்டிக்குப் போக வேண்டியதுதான், துப்பாக்கி இல்லாமல்.